வாய் பேசும் கேடயத்துக்கு விலை போட்ட கதை

பாத்ஃபைண்டர் என்ற மேசைக் கதையாட்டத்தின் (ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டி ஆடுவது) முதல் பதிப்பில் அறிவுள்ள மாயப்பொருளுக்கு விலை போடுவது மளிகைக் கடைச் சீட்டு எழுதுகிற மாதிரிதான். அடிப்படைப் பொருள் இவ்வளவு, அதற்கு அறிவு வைக்க 500 பொன், வாய் பேச இன்னொரு 500, மனசோடு மனசு பேச 1,000, பறக்க 10,000. கடைசியில் ஒரு கோடு போட்டுக் கூட்டினால் விலை வந்துவிடும். இந்தச் சீட்டை அப்படியே நம்பிப் பொருளைப் பார்ட்டி (பாத்திரங்களின் குழு) கையில் கொடுப்பது ஒன்று. சீட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது வேறு ஒன்று. எங்கள் கேம்பெயினுக்காக (தொடர்ந்து ஆடும் ஒரே கதை), அதை நடத்தும் கேம் மாஸ்டராக நான் செய்த ஒரு கேடயத்தை வைத்து இரண்டாவது வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி. 1974இல் வந்த முதல் டி அண்ட் டியிலேயே (பாத்ஃபைண்டருக்கு மூலமான ஆட்டம்) மாய வாள்களுக்கு அறிவும் ஈகோவும் (பிடிவாதத்தின் அளவு) உண்டு, பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். 2000இல் அதன் மூன்றாம் பதிப்பு, 2003இல் அதைத் திருத்திய 3.5 வந்தபோது அறிவு, பேச்சு, பார்வை எல்லாம் ஒரே வரிசையில் மொத்தமாக வந்தன. வரிசை எதுவோ அதற்கு ஒரு விலை. 2009இல் பாத்ஃபைண்டர் அந்த மூட்டையை அவிழ்த்துச் சில்லறையாக விற்க ஆரம்பித்தது. அதனால்தான் நம் இஷ்டத்துக்கு ஒரு பொருளைச் செதுக்க இது வசதி. ஒருமுறை பயன்படுத்தித் தீர்ந்துபோகும் மருந்து, சுருள், சார்ஜ் தீரும் கோல் எதற்கும் அறிவு வைக்க முடியாது, நிரந்தரப் பொருளுக்கு மட்டும்தான். செய்பவருக்கு கேஸ்டர் லெவல் (மந்திரம் போடும் திறனின் படி) 15 வேண்டும். எங்கள் பார்ட்டி அப்போது ஏழாம் லெவல். ஆகவே அவர்களே செய்துகொள்கிற பேச்சு கிடையாது, புதையலாக நான்தான் வைக்க வேண்டும்.

ஏழாம் லெவலில் ஒரு கேரக்டரிடம் மொத்தம் 23,500 பொன் பெறுமானச் சொத்து இருக்கலாம் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. எட்டில் 33,000. இந்த எண்தான் எனக்கு முதல் வேலி. பேசும் பொருள் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வாள், எனக்கும் அப்படித்தான். +1 (மாய மேம்பாட்டின் அளவு) நெருப்பு நீள்வாள், புத்தகப்படி 8,315. மன எண்களில் இன்டெலிஜென்ஸ் (புத்தி) 14, கரிஸ்மா (ஆளுமை) 16, டெலிபதி (மனசோடு மனசு பேசுவது), 120 அடி தூரம் பார்வை, 30 அடி வேகத்தில் பறத்தல். கூட்டினால் 23,815 பொன். ஒரு ஆளின் மொத்தச் சொத்தையும் தாண்டி 315 பொன் கடன். இவ்வளவு செலவழித்தும் அதன் ஈகோ வெறும் 10. இந்த 10 மனதில் இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

வாளை விட்டதற்கு விலை மட்டும் காரணமில்லை. பேசும் வாள் என்ன கேட்கும்? "வெட்டு" என்று கேட்கும். சண்டைக்காரனை ஆடுபவருக்கு அதைவிட வேறு வேலை கிடையாது, அங்கே எங்கே முரண் வரும்? எங்கள் வீரன் வாளும் கேடயமுமாகச் சண்டை போடுகிறவன், அலைன்மென்ட் (பாத்திரத்தின் நெறி) லாஃபுல் குட், அதாவது ஒழுங்கும் நன்மையும். கேடயம் பேசினால் அது அவன் செய்ய நினைப்பதற்கு நடுவே வந்து நிற்கும். அதோடு, கேடயத்துக்கு மாய மேம்பாட்டு விலை வாளின் விலையில் பாதி: வாளுக்கு மேம்பாட்டின் வர்க்கம் பெருக்கல் 2,000, கேடயத்துக்கு 1,000. +1 இரும்புக் கனகேடயம் மாஸ்டர்வொர்க் (உயர்தர வேலைப்பாடு) செலவும் சேர்த்து 1,170 பொன்தான்.

அடுத்து குணம். நான் பொதுவாகச் சக்திகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துவிடுவேன்: இந்தப் பொருளுக்கு முன்பு என்ன வேலை? "பழங்கால அரசனின் ஆவி", "தேவதையின் துளி" என்று எழுதினால் ஆட்டத்தில் பேச ஒன்றும் இருக்காது. வேலை பார்த்தவனுக்குத்தான் பழக்கம் இருக்கும், புலம்பல் இருக்கும், "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்க விஷயம் இருக்கும். இது அழிந்துபோன ஒரு பேரரசின் ஆற்றுப்பாலத்தில் சுங்கம் வசூலித்த அதிகாரியின் கேடயம். பேரரசு போய்விட்டது, சுங்கச்சாவடி இடிந்துவிட்டது, ஆனால் ஆணை ரத்தாகவில்லை என்பது அதன் வாதம். பாலமோ கோட்டை வாசலோ நாட்டு எல்லையோ, எதைத் தாண்டினாலும் தலைக்கு ஒரு வெள்ளிக்காசு வைக்க வேண்டும். அலைன்மென்ட் லாஃபுல் நியூட்ரல், ஒழுங்கு மட்டும், நன்மை தீமையில் பக்கம் கிடையாது. மேசையில் அதற்குச் 'சுங்கத்தாத்தா' என்று பெயர் வந்துவிட்டது, நான் யோசித்து வைத்திருந்த கம்பீரமான பெயரை யாருமே சொல்வதில்லை.

வேலை தெரிந்துவிட்டால் சக்திகள் தானாக வந்து உட்காரும். மூட்டைகளைச் சோதிக்கிறவருக்கு, மாயத்தைக் கண்டறியும் டிடெக்ட் மேஜிக், எந்நேரமும்: 1,000 பொன். பொய் சொல்கிறவனைப் பிடிக்க சென்ஸ் மோட்டிவ் திறனில் 5 ரேங்க் (பயிற்சிப் புள்ளி): 2,500. சாவடியில் அடிபட்ட பயணிக்கு முதலுதவி செய்த வழக்கத்தில், கியூர் லைட் வூண்ட்ஸ் நாளுக்கு மூன்று முறை: 1,200. பேச்சு 500, 60 அடி பார்வை 500, இருட்டிலும் தெரிய 500. இன்டெலிஜென்ஸ் 12க்கு 500, விஸ்டம் (விவேகம்) 12க்கு 500, கரிஸ்மா 14க்கு 1,000. அறிவு வைக்க அடிப்படை 500. கேடயத்தோடு சேர்த்து 9,870 பொன், ஈகோ 8. ஏழாம் லெவல் சொத்தில் 42 சதவீதம். பெரிதுதான், ஆனால் ஒரே பொருளில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்ற வழக்கமான வரம்புக்குள் இருக்கிறது.

இப்போது பிரித்துப் பார்க்கலாம். அந்த 1,200 எங்கிருந்து வந்தது? மாயப்பொருள் செய்யும் பொதுச் சூத்திரம்: மந்திரத்தின் லெவல் பெருக்கல் கேஸ்டர் லெவல் பெருக்கல் 2,000. நாளுக்கு இத்தனை முறை என்று கட்டுப்படுத்தினால் ஐந்தால் வகுத்து அந்த எண்ணிக்கையால் பெருக்கு. முதல் லெவல் மந்திரம், கேஸ்டர் லெவல் 1, நாளுக்கு மூன்று: 2,000 ஐந்தில் மூன்று பங்கு, 1,200. இரண்டாம் லெவல் மந்திரம் நாளுக்கு ஒருமுறை 2,400. மூன்றாம் லெவல் 6,000, நான்காம் லெவல் 11,200. அட்டவணையில் இருக்கும் மந்திர விலைகள் இதே சூத்திரத்தில் விழுகின்றன. சிறப்பு நோக்கம் உள்ள பொருள்களுக்கான பிரம்மாண்டமான விலைகளும் இதுதான்: நான்காம் லெவல் மந்திரம் எந்நேரமும் 56,000 என்பது 4 பெருக்கல் 7 பெருக்கல் 2,000. திறன் ரேங்க்குக்கு வேறு சூத்திரம்: ஊக்கத்தின் (திறனில் கூடும் எண்) வர்க்கம் பெருக்கல் 100. ஐந்து ரேங்க் 2,500, பத்து ரேங்க் 10,000.

அதாவது அறிவுள்ள பொருளுக்கென்று தனியாக யாரும் விலை யோசிக்கவில்லை. சாதாரண மாயப்பொருளின் விலையை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சாதாரணப் பொருளுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கும் இரண்டு இடங்களில்தான் விலை தப்புகிறது.

முதல் இடம், யார் வேலை செய்கிறார்கள் என்பது. கட்டளைச் சொல்லால் இயங்கும் பொருளுக்கு 2,000க்குப் பதில் 1,800 போட வேண்டும். அப்படிப் பார்த்தால் நாளுக்கு மூன்று முறை கியூர் லைட் வூண்ட்ஸ் தரும் சாதாரணக் கேடயம் 1,080 பொன். அதைப் பயன்படுத்த வீரன் தன் முறையில் ஒரு ஆக்‌ஷனைச் செலவழித்துக் கட்டளை சொல்ல வேண்டும். அறிவுள்ள கேடயமோ யார் கட்டளைக்கும் காத்திருக்காமல் உரிமையாளரின் முறையில் தானாகவே மந்திரத்தைப் போடும். வீரன் வெட்டுவான், கேடயம் வைத்தியம் பார்க்கும். அவன் நினைவில்லாமல் விழுந்து கிடந்தாலும் பார்க்கும். இந்தக் கூடுதல் ஆக்‌ஷனுக்கு விலை 120 பொன். பாத்ஃபைண்டர் ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த ஆட்டத்தில் ஆக்‌ஷனைவிட விலை உயர்ந்த பொருள் கிடையாது. கியூர் லைட் வூண்ட்ஸ் கோல் 750 பொன்னுக்கு 50 முறை வரும், முறைக்கு 15 பொன். கேடயத்தின் 1,200 பொன்னுக்கு 80 முறை வாங்கலாம். நாளுக்கு மூன்று என்று வைத்தால் 27 நாளில் முதல் திரும்பிவிடும், அதன்பிறகு எல்லாம் இலவசம், அதுவும் வேறு ஒருவர் கையால்.

இரண்டாவது இடம் இதற்கு நேர் எதிர். ஐந்து ரேங்க் திறனுக்கு 2,500 என்பது, போட்டிருப்பவருக்கு +5 ஊக்கம் தரும் நகைக்கான விலை. கேடயத்தின் ரேங்க் வீரனோடு சேராது, அது கேடயத்தின் சொந்தத் திறன். விஸ்டம் 12 தரும் +1ஐயும் சேர்த்தால் மொத்தம் +6. எங்கள் பார்ட்டியில் இருக்கும் குருவின் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) சென்ஸ் மோட்டிவ் ஏற்கெனவே +11. குருவுக்குப் பக்கத்தில் நின்று கேடயம் உதவி மட்டும்தான் செய்யும், +2. முழு விலை கொடுத்து அரைப் பொருள்.

ஆகவே நான் இரண்டு மாற்றம் செய்தேன். தானாகச் செயல்பட்டுப் போரில் ஆக்‌ஷன் மிச்சப்படுத்தும் சக்திக்கு ஒன்றரை மடங்கு: 1,200 இப்போது 1,800. திறன் ரேங்க்குக்குப் பாதி: 2,500 இப்போது 1,250. இவ்வளவு ஆராய்ச்சிக்கும் மொத்த விலையில் வித்தியாசம் 650 பொன், அதுவும் குறைகிற பக்கம். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த பொருளில் மூன்றாம் லெவல் மந்திரம் நாளுக்கு மூன்று முறை என்று யாராவது கேட்டால், 18,000 என்ற இடத்தில் 27,000 என்று நிற்கும். அங்கேதான் இந்தப் பெருக்கலின் பலன் தெரியும்.

இனி ஈகோ. பொருளின் அடிப்படை விலை, அதன் மூன்று மன எண்கள், சக்திகள், இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஈகோ ஆகிறது. பொருளுக்கும் உரிமையாளருக்கும் கருத்து மோதினால் உரிமையாளர் வில் சேவ் (மன உறுதிச் சோதனை: டி20 என்ற 20 முகப் பகடையோடு தன் கூட்டெண்) உருட்ட வேண்டும், எட்ட வேண்டிய எண் அந்த ஈகோ. தோற்றால் பொருள் சொன்னபடி நடக்க வேண்டும். 23,815 பொன் வாளுக்கு ஈகோ 10, 9,870 பொன் கேடயத்துக்கு 8 என்பதைக் கவனித்தீர்களா? பணத்துக்கும் ஈகோவுக்கும் நேர் தொடர்பு இல்லை. பறக்கும் சக்திக்கு 10,000 கொடுத்தால் ஈகோ 2 ஏறும். மன எண் ஒன்றை 14 ஆக்க 1,000 கொடுத்தால் அதே 2 ஏறும். 14 வரை ஈகோ ஒரு புள்ளிக்கு 500 பொன். 16 என்றால் புள்ளிக்கு ஏறக்குறைய 667, 18 என்றால் 1,000, 20 என்றால் 1,600. மூன்று எண்களையும் 14இல் நிறுத்தினால் 3,000 பொன்னுக்கு 6 ஈகோ. மலிவாக ஒரு பிடிவாதக்காரரை உருவாக்க இதைவிட நல்ல வழி விதிப்புத்தகத்தில் இல்லை.

பிடிவாதம் எவ்வளவு வேண்டும் என்பதைப் பொருளை வைத்துத் தீர்மானிக்க முடியாது, பிடித்திருக்கும் ஆளை வைத்துத்தான் முடியும். எங்கள் வீரனின் வில் சேவ்: ஏழாம் லெவலுக்கு +2, விஸ்டம் 12க்கு +1, மேலங்கிக்கு +1, மொத்தம் +4. ஈகோ 8 என்றால் 1, 2, 3 விழுந்தால்தான் தோல்வி, 15 சதவீதம். குருவுக்கோ +5, விஸ்டம் 18க்கு +4, மேலங்கிக்கு +1, மொத்தம் +10. இயல்பாக 1 விழுந்தால் மட்டும் தோல்வி, 5 சதவீதம். குரு கையில் இருந்தால் சுங்கத்தாத்தா பேசத் தெரிந்த முதலுதவிப் பெட்டி. வீரன் கையில் இருந்தால் கூட வரும் அதிகாரி. விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். என்னைக் கேட்டால் அறிவுள்ள பொருளின் உண்மை விலை இந்தச் சதவீதம்தான். பொன் கணக்கு புதையல் சமநிலைக்காக, அவ்வளவுதான்.

நான் விரும்பியது நான்கில் ஒரு முறை தோற்பது. அதற்குக் குறைந்தால் மோதல் என்பதே மறந்துபோகும், மூன்றில் ஒன்றைத் தாண்டினால் ஆடுபவருக்கு எரிச்சல். இன்டெலிஜென்ஸையும் விஸ்டத்தையும் 12இலிருந்து 14க்கு ஏற்றினேன். 1,000 பொன் கூடுதல், ஈகோ 10, தோல்வி 25 சதவீதம். சென்ஸ் மோட்டிவும் +7 ஆகிவிட்டது. கடைசி விலை 10,220 பொன்.

உரிமையாளரின் கேரக்டரை இன்னொருவர் பிடித்து ஆட்டுவது மேசையில் நாசூக்கான விஷயம். விதிப்படி தோற்றால் பொருள் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டும். நான் வீரனை ஆடுபவரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட்டேன். கேடயத்தின் அதிகாரம் எல்லை தாண்டுகிற விஷயத்தோடு சரி. தோற்றால் என்ன நடக்க வேண்டும் என்று கேடயம் சொல்லும், அதை எப்படிச் செய்வது என்று அவரே ஆடிக்காட்டுவார். நண்பனைக் குத்து என்று கேடயம் ஒருநாளும் சொல்லாது. அவர் சொன்ன ஒரே நிபந்தனை, "காசு கணக்கு நான் எழுதமாட்டேன்."

குரல் யாருடையது என்பதுதான் அடுத்த கேள்வி. கேம் மாஸ்டரே பொருளுக்கும் பேசினால் இரண்டு கெடுதல். ஒன்று, கேடயம் சொல்வதெல்லாம் நான் தரும் துப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது, கடைக்காரன், காவலாளி, ஆர்க் என்ற அசுர இனத்தின் தலைவன் எல்லோருக்கும் பேசி முடித்தபின் எனக்குத் தொண்டை மிச்சமிருக்காது. ஆகவே குருவை ஆடுகிறவரிடம் கொடுத்தேன். அவர் வீரனை ஆடுபவரின் சொந்தத் தங்கை. கையளவு அட்டை ஒன்றில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்: முன்பக்கம் எண்கள், பின்பக்கம் மூன்றே வரி. எப்போதும் கேட்பது: சுங்கம். ஒருபோதும் விடாதது: கடத்தல். மெச்சுவது: ரசீது கேட்பவன். அட்டைக்குப் பக்கத்தில் மூன்று புளியங்கொட்டை. ஒவ்வொரு கியூர் லைட் வூண்ட்ஸுக்கும் ஒரு கொட்டை டப்பாவுக்குள் போகும். தாளில் கோடு போடுவதைவிட இது மேல், எத்தனை மிச்சம் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும்.

தங்கை அந்தக் குரலை எடுத்த விதம் நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை. சொந்த அண்ணனைக் கேடயத்தின் வாயால் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார். சாதாரண நேரத்தில், "தம்பி, பாலம் வருது. சில்லறை எடுத்து வைங்க." வில் சேவில் அண்ணன் தோற்ற உடனே மரியாதை போய்விடும்: "டேய், நில்லு." யார் கை ஓங்கியிருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதே இல்லை.

ஒரு இடத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பின்னால் ஆர்க் கூட்டம் துரத்துகிறது, முன்னால் கல்பாலம், பாலத்து வாயிலில் கூரை போன சாவடி. வீரன் கடைசியாக ஓடி வருகிறான்.

"தம்பி, நாலு பேர். நாலு வெள்ளி."

"தாத்தா, அந்தாண்ட போய் கொடுக்கறேன்."

"அந்தாண்ட போனதுக்கு அப்புறம் அது சுங்கம் இல்ல, அபராதம்."

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து வில் சேவ் கேட்டேன். டி20இல் விழுந்தது 3. நான்கைக் கூட்டினால் 7. தங்கை அட்டையை மேசையில் தட்டினார். "டேய், நில்லு." அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு, தன் வீரன் திரும்பி, இடிந்த சாவடியில் துருப்பிடித்த உண்டியலைத் தேடி, ஒவ்வொரு காசாக உள்ளே போடுவதை முழுதாக ஆடிக்காட்டினார். நான்காவது காசு விழும்போது ஆர்க்குகள் வாயிலுக்கு வந்துவிட்டன. நடந்தது என்னவென்றால், வீரன் பாலத்தின் குறுகலான வாயிலில் நின்றுவிட்டதால் அவர்களால் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடிந்தது. மூன்று புளியங்கொட்டையும் அந்தச் சண்டையில் தீர்ந்தது. மூன்றாவது, வீரன் விழுந்து கிடந்தபோது கேடயம் தானாகப் போட்டது. அந்தச் சுற்றில் குரு தன் முறையை ஆர்க் தலைவனைக் கட்டிப்போடப் பயன்படுத்தினார். அந்த 1,800 பொன் எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பார்ட்டியில் இருக்கும் திருடனின் கதை வேறு. அவன் கேயாட்டிக், லாஃபுலுக்கு நேர் எதிர். லாஃபுல் நியூட்ரல் பொருளை லாஃபுல் ஆட்கள் யாரும் எடுக்கலாம், மற்றவர்கள் தொட்டு எடுத்தாலே ஒரு நெகட்டிவ் லெவல், ஒரு வகைப் பலவீனம். வீரன் தூங்கும்போது கேடயத்தை எடுத்துப் பார்ப்பேன் என்றான். எடுத்தான். ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) 5 குறைந்தது, தாக்குதல், சேவ், திறன் உருட்டல்களுக்கு -1. வில் சேவ் சாதாரணமாகவே +1, இப்போது பூஜ்யம். ஈகோ 10க்கு எதிராக 45 சதவீதம் தோல்வி. கீழே வைத்தால் நெகட்டிவ் லெவல் போய்விடும் என்று தெரிந்ததும் வைத்துவிட்டான். அதோடு விடுகிற ஆள் இல்லை. சுங்கத்துக்கு ஈயக் காசு போட ஆரம்பித்தான். அவனுடைய பிளஃப் (பொய் சொல்லும் திறன்) +12, கேடயத்தின் சென்ஸ் மோட்டிவ் +7. பெரும்பாலும் தப்பித்துவிடுகிறான், பிடிபடும் நாளில் அவனுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. 1,250க்கு வாங்கிய திறன் இப்படித்தான் வேலைக்கு வருகிறது, எதிரிகளிடம் அல்ல.

ஒரு உரசல் இருந்தது, டிடெக்ட் மேஜிக்கால். எந்நேரமும் போடலாம், கேடயம்தான் கவனம் வைத்திருக்கும், மூன்று சுற்றில் எது எங்கே என்று சொல்லிவிடும். மந்திரவாதியை ஆடுபவர் இரண்டாவது செஷனிலேயே முகம் சுளித்தார், அது அவர் வேலை. விலையை ஏற்றிப் பயனில்லை, விலை ஏறினாலும் மந்திரவாதிக்கு வேலை திரும்பி வராது. குணத்தால்தான் கட்டினேன்: கேடயம் சோதனை செய்வது எல்லையில் மட்டும். வாசல், பாலம், நகர்க் கதவு. காட்டுக்குள்ளோ குகையின் நடுவிலோ அதற்கு ஆணையில்லை. இப்போது மந்திரவாதி ஒரு அறைக்குள் போனபின் பார்க்கிறார், கேடயம் நிலைப்படியில் பார்க்கிறது. நிலைப்படியும் எல்லைதானே என்று தங்கை வாதிட்டு ஜெயித்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்படிக் குணத்தால் சக்தியைக் கட்டினால் விலையில் தள்ளுபடி கொடுக்கலாமா? விதிப்புத்தகத்தில் முன்மாதிரி உண்டு: குறிப்பிட்ட வகுப்போ அலைன்மென்ட்டோ உள்ளவர் மட்டும் பயன்படுத்தலாம் என்றால் 30 சதவீதம் குறைக்கலாம், ஒரு திறன் தேவை என்றால் 10 சதவீதம். நான் கொடுக்கவில்லை. அலைன்மென்ட் தடையோடு யாரும் பேரம் பேச முடியாது. சுங்கத்தாத்தாவோடு முடியும். மாதப் பாஸ் போட்டுத் தரச் சொல்லி ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறார்கள்.

டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 விதிகளில் இந்தச் சில்லறைக் கணக்கே இல்லை. அரிதான பொருள் 501 முதல் 5,000 வரை, மிக அரிதானது 5,001 முதல் 50,000 வரை என்று அகலமான பட்டைகள் மட்டும். அறிவு வைப்பதற்குத் தனி விலை கிடையாது. மோதல் வந்தால் கரிஸ்மா சேவ், எட்ட வேண்டியது 12உடன் பொருளின் கரிஸ்மா மாற்றெண் (அந்த எண் தரும் கூட்டல் அல்லது கழித்தல்). இதே கேடயத்துக்கு 14. ஐந்தாம் பதிப்பில் வீரர்களுக்குக் கரிஸ்மா பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கும். +0 வைத்திருந்தால் 65 சதவீதம் தோல்வி, அதிகாரி முதலாளியாகிவிடுவார். அங்கே ஆடுவதானால் பொருளின் கரிஸ்மாவை 8க்கு இறக்குங்கள், எட்ட வேண்டியது 11 ஆகும். அதுவும் போதாது என்றால் மோதல் வரும் சந்தர்ப்பங்களைக் குறையுங்கள்.

இப்போது பார்ட்டி ஒன்பதாம் லெவலை நெருங்குகிறது. வீரனின் அடிப்படை வில் சேவ் +3 ஆகும், புது மேலங்கி +2 வாங்கப் பணம் சேர்த்துவிட்டார், மொத்தம் +6. ஈகோ 10க்கு எதிராகத் தோல்வி மறுபடியும் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே பழைய பேரரசின் தலைநகர இடிபாடுகளில் ஒரு முத்திரையை வைத்திருக்கிறேன். கேடயத்தில் பதித்தால் டெலிபதி, 1,000 பொன், ஈகோ 11. எந்த மொழியும் படிக்கும் திறமை இன்னொரு 1,000, ஈகோ 12. தோல்வி 25 சதவீதம், விலை 12,220, ஒன்பதாம் லெவல் சொத்தான 46,000இல் கால் பங்குக்கு மேல் கொஞ்சம். தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை. டெலிபதி வந்தால் குரல் எப்படி என்று யோசிக்க வேண்டும், எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.